முதல் தாளில் ஒரு மஞ்சள் சுழி

எந்தத் தாளில் கை வைத்தாலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவேன். பால்காரருக்கு எழுதி வைக்கும் துண்டுச் சீட்டானாலும் சரி, பாங்கில் கொடுக்கும் சலானானாலும் சரி. பாங்குப் பெண், "அம்மா, மேலே எதுவும் எழுதக்கூடாது, மிஷின் எடுக்காது" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். மிஷின் எடுக்காவிட்டால் நீ எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

எனக்குக் கொஞ்சம் பெருமை அதிகம் என்று என் வீட்டுக்காரர் இருந்தவரை சொல்லுவார். இருக்கட்டும். இரண்டாம் வகுப்போடு நின்றுபோனவள்தான், ஆனால் எங்கேயும் கைநாட்டு வைத்தவள் இல்லை. இப்போது பென்ஷனுக்காக ஒரு சின்னப் பெட்டிமேல் பெருவிரலை வைக்கச் சொல்கிறார்கள். பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர்களும் எனக்கு முன்னால் வரிசையில் நின்று வைக்கிறார்கள். எல்லோரும் வைத்தால் அது கைநாட்டில் சேராது.

அந்தச் சுழிதான் போன தசராவில் என்னை மாட்டிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுவதால் நேரம் பிடிக்கும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஊர் ஹனூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து மைசூருக்கு வந்தோம். அவர் போனபிறகும் நான் ஊருக்குத் திரும்பவில்லை. அக்ரஹாரத்தில் கோயிலுக்குப் பின்சந்தில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் தம்பியின் மகள் பி.ஏ. படிக்க வந்து என்னோடு தங்கினாள். பேச்செல்லாம் எங்கள் ஊர்த் தமிழ். படிப்பும் எழுத்தும் கன்னடம். தமிழ் எழுத்து அவளுக்கு ஒன்றுகூடத் தெரியாது. அதனால் இதை அவள் எட்டிப் பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அவள்தான் அந்தப் பரிசைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய பல்கலைக்கழகத்து லைப்ரரியில் வருஷாவருஷம் டிகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பரிசு கொடுப்பார்களாம். பரீட்சை மார்க்குக்கு இல்லை. லைப்ரரியில் இருக்கிற புத்தகங்களைத் தேடிப் பிடித்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு.

"தேடுனதுக்கா பரிசு?" என்று கேட்டேன்.

"ஆமாங்கத்தை. எப்படித் தேடுனோம், எதை நம்புனோம், எதை நம்பாம விட்டோம்னு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கோணும்."

"தொலைஞ்ச மாட்டைத் தேடறவனுக்கு எவன் பரிசு குடுக்கறான்?"

"மாடு கெடச்சா அதே பரிசுதானுங்களே."

இப்படித்தான் அவள் பேச்சு. என் தம்பிக்கு இந்த வாய் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று ஊரில் கேட்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் தாலுக்காவின் பள்ளிக்கூடங்களை. எங்கள் பக்கமெல்லாம் முன்னால் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. பாஷை பார்த்து மாநிலம் பிரித்தபோது மைசூரோடு சேர்ந்தது. அப்போது தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் என்ன ஆயின என்பதுதான் அவள் கேள்வி. என்னிடமும் கேட்டாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். தமிழ் வாத்தியார் ஒருநாள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ரொம்ப நாள் கழித்துக் கன்னட மேஷ்டர் வந்தார். அதற்குள் எங்கள் அப்பா எனக்கு எருமையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை நான் திருத்தமாகக் கற்றுக்கொண்டது சுழி. மற்ற எழுத்தெல்லாம் பிறகு வாரப் பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து நானாக ஒட்டவைத்துக்கொண்டவை.

அந்த ஆராய்ச்சிக்கு ஒரு பழைய புத்தகம் வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றியது. காப்பிக்கொட்டை நிறத்தில் துணி அட்டை, நடுவில் மடித்து வைத்த ஒரு பெரிய வரைபடம், தாளெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி. லைப்ரரியில் பூட்டிய அலமாரிக்குள் இருப்பது. டிகிரிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குத் தரமாட்டார்கள். அவளுக்குப் பாடம் எடுக்கும் மேடம் ஒருத்தி தன் கார்டில் எடுத்து, தசரா லீவு முடியும்வரை வைத்துக்கொள் என்று இவளிடம் கொடுத்துவிட்டாள்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். அந்தப் பரிசுக்குப் போட்டி போடுகிறவர்கள், லைப்ரரிக்குத் தாங்கள் ஒரு பாக்கியும் வைக்கவில்லை, ஒரு புத்தகத்தையும் கெடுக்கவில்லை என்று லைப்ரரியிலேயே எழுதி வாங்கித் தர வேண்டும். நோ-டியூ என்று பெயர். அது வராவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பரிசு கிடையாது. இன்னொன்று, அந்த மேடம் நிரந்தர வேலையில் இருப்பவள் இல்லை. கெஸ்ட் லெக்சரர். அவளுக்கு வருஷாவருஷம் வேலையைப் புதிதாக எழுதித் தரவேண்டும். பேரில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பண்டிகைக்கு இவள் ஹனூருக்குப் புறப்பட்டாள். புத்தகத்தைப் பூந்துவாலையில் சுற்றிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "அத்தை, இதை மட்டும் பத்திரமாப் பாத்துக்குங்க. இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மேடம் கதி அவ்வளவுதானுங்க" என்றாள்.

பத்திரம் என்றால் என் வீட்டில் எது பத்திரமான இடம்? கட்டில்மேல் பல்லி விழும். அலமாரியில் கரையான் பயம். மறுநாள் சரஸ்வதி பூஜை. பூஜைக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமி காலையில் திரும்பவும் பூஜை செய்து எடுக்கிறவரை யாரும் தொடக்கூடாது. அதைவிடக் காவல் உண்டா?

மனைப்பலகையில் வெள்ளைத் துணி விரித்து அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தேன். அதன்மேல் இவளுடைய பாடப் புத்தகங்கள், அதன்மேல் என் காஸ் சிலிண்டர் புத்தகம், பாங்குப் புத்தகம். கத்தரிக்கோல், அரிவாள்மனை பக்கத்தில். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். எங்கள் வீட்டு வழக்கத்தில் புத்தகத்துக்கு அட்டையில் பொட்டு வைத்தால் போதாது. முதல் தாளைப் பிரித்து, மஞ்சளைக் குழைத்து, மேலே நடுவில் சுழி போட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கிற எழுத்து நம்மோடு பேசும் என்பார் எங்கள் அப்பா. அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தாலும் சொல்லுவார்.

அந்தப் பெரிய புத்தகத்துக்கு நான் பெரிய சுழியாகவே போட்டேன். விரல் நடுங்காமல், வாத்தியார் போட்டுக் காட்டியது மாதிரி வளைவு வளைவாக வந்தது. நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

விஜயதசமியன்று மத்தியானம் அவள் வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பு மூட்டையை இறக்கிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து, நான் எடுத்து வைத்திருந்த புத்தகத்தைப் பிரித்தாள். பிரித்தவள் பேசவில்லை. இந்தப் பெண் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. 

"ஏங் கண்ணு?"

"இது என்னங்கத்தை?"

"சுழியாத்தா. பூசைக்கு வெச்சன்."

"லைப்ரரி புஸ்தகத்துலயா?"

"சாமி முன்னால எல்லாப் புஸ்தகமும் ஒண்ணுதான அம்மிணி."

"அத்தை, பென்சில்ல ஒரு கோடு போட்டாலே நோ-டியூ தரமாட்டாங்க. நீங்க மஞ்சளைக் கொழச்சுப் பூசி வெச்சிருக்கறீங்க." அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கமும் சுழி தெரிந்தது. அதற்கும் பின்தாளில் மங்கலாக ஒரு வட்டம். பழைய தாள் மஞ்சளை நன்றாகக் குடித்திருந்தது. "இது மேடம் கார்டுல எடுத்ததுங்கத்தை" என்றாள். 

பயம் என்றால் காட்டுப் பக்கத்து ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? காட்டில் ஆள் கடத்தல் நடந்த காலத்தில், பாலாற்றுச் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போன பஸ் இருட்டியும் திரும்பாத நாட்களில் பயந்திருக்கிறேன். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் உள்ளே கூட்டிப்போனபோது பயந்திருக்கிறேன். அதெல்லாம் தலைக்குமேல் வருகிற பயம். இது என் விரல் நுனியிலிருந்து வந்தது. இரண்டு பிள்ளைகளின் பிழைப்பை இந்த விரலால் அழித்துவிட்டேனா என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் யாரையோ போனில் கேட்கப் போயிருந்த நேரத்தில், பயத்தில் ஒரு காரியம் செய்தேன். வேட்டித் துணியின் ஓரத்தை நனைத்து, துணிசோப்பில் லேசாகத் தொட்டு, சுழியின் வாலில் ஒற்றினேன். ஒற்றின இடம் என் கண்முன்னால் சிவந்தது. மஞ்சள் போய் ரத்தம் மாதிரி சிவப்பு. கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தி கரைக்கிறவள் நான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சோப்பும் அந்த ஜாதிதான் என்று அப்போது தோன்றவில்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "சிவக்காதே, சிவக்காதே" என்று அதனிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காய்ந்தபிறகு சிவப்பு கொஞ்சம் தணிந்து துரு நிறத்துக்கு வந்தது. சுழி மஞ்சள், வால் துரு. முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் மண்டி மொஹல்லாவுக்குப் போனோம். அங்கே சந்துக்குள் ஒரு பைண்டிங் கடை. வலைத்தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பசைவாளிக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைப் பிரித்ததும் கேட்காமலேயே சொன்னார்:

"பூஜையா? தசரா முடிஞ்சா வருஷா வருஷம் இந்தக் கேஸ் வருது. மஞ்சள் பட்டா பேப்பர் குடிச்சிடும்மா. போகாது. வாலுக்கு என்ன பண்ணீங்க?"

நான் பசைவாளியைப் பார்த்தேன்.

"சோப்பு" என்றாள் இவள்.

"அல்லா" என்றார் அவர். கொஞ்சநேரம் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். இந்தத் தாளையும் அடுத்ததையும் அடியோட எடுத்துட்டு, திரும்பத் தைச்சுடறேன். ரொம்பப் பழைய புக். முதல் தாள் எப்பவோ போயிருக்கும்னு நினைப்பாங்க. யாருக்கும் தெரியாது."

இவள் அவரைப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரிந்தது. மேடத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தியை எடுத்தார். அதன் பிடியிலும் ஒரு குங்குமப்பொட்டு காய்ந்திருந்தது. கடையில் வேலை செய்கிற யாரோ ஆயுத பூஜைக்கு வைத்திருப்பார்கள்.

அந்தப் பொட்டைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒப்பவில்லை. பூஜைக்கு வைத்த கத்தியால் பூஜைக்கு வைத்த சரஸ்வதியை அறுப்பதா? புத்தகத்தை அவர் மடியிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். ஒரு ஸ்கூட்டர்க்காரன் என்னமோ திட்டிக்கொண்டு போனான்.

பின்னாலேயே வந்தவள் கேட்டாள்: "லைப்ரரிக்கும் பயப்படறீங்க, சாமிக்கும் பயப்படறீங்க. யாருக்குத்தானுங்கத்தை பயப்படமாட்டீங்க?"

"உங்கப்பனுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்திலேயே நின்று மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மேடம் சொன்னது ஒரே வாக்கியம். பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிற ஜூரிக்கு முன்னால் உட்காரும் நாளன்று புத்தகத்தை நேராக லைப்ரரிக்குக் கொண்டு வா, உன் அத்தையையும் கூட்டிக்கொண்டு வா.

என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? அந்த நாள் வருகிறவரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். போலீசில் கொடுப்பார்களா என்று இவளிடம் கேட்க வெட்கம். பக்கத்து வீட்டு அம்மாளிடம் வேறு யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டேன். "லைப்ரரி சர்க்கார் சொத்துதானே" என்றாள் அவள். அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். "சர்க்கார் சொத்துன்னா பெரிய கேஸ்தான்" என்று சேர்த்துக்கொண்டாள். குழம்பு தாளிக்கும்போது மஞ்சள் டப்பாவை எடுக்கக் கை வரவில்லை. "என்னங்கத்தை, குழம்பு காய்ச்சல் வந்து எந்திரிச்சவனாட்டம் வெளுத்துக் கெடக்குது" என்றாள் இவள். 

அந்த நாள் வந்தது. பட்டுப் புடவை கட்டுவதா, சாதாரணப் புடவையா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பட்டுக் கட்டினால் திமிர் என்பார்கள். கடைசியில் பட்டுத்தான் கட்டினேன். கெஞ்சப் போகவில்லையே.

லைப்ரரி வாசலில் வாழைக்கன்றுகள் வாடித் தலை தொங்கிக்கொண்டிருந்தன. பண்டிகைக்குக் கட்டினதை இன்னும் அவிழ்க்கவில்லை. ஓரத்தில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு காய்ந்து கிடந்தது. உள்ளே போனால், புத்தகம் கொடுக்கிற மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்கு விபூதிப் பட்டை. நடுவில் குங்குமம். இரும்பு அலமாரிகளுக்கெல்லாம் வரிசையாகச் சந்தனப் பொட்டு. மின்விசிறி சுவிட்சுக்கும் பொட்டு, முத்திரை குத்தும் கட்டைக்கும் பொட்டு. இதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. இவர்களும் நம்மைப் போலத்தானே! அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏதாவது ஒரு புத்தகத்தில் ஒரு பொட்டு இருந்தால் போதும், அதைக் காட்டி நான் பேசிக்கொள்வேன்.

ஒன்றில்கூட இல்லை. இரும்புக்கும் மரத்துக்கும் வைத்திருந்தார்கள். புத்தகத்துக்கு வைக்கவில்லை. வந்த உயிர் திரும்பப் போய்விட்டது.

பெரிய லைப்ரேரியன் ரிட்டயர் ஆகிற வயசு. உள்ளே உட்கார்ந்திருந்தாலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். மேடம் அவர் மேஜை பக்கத்தில் நின்றிருந்தாள். சின்னப் பெண். இவளுக்கு அக்கா மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதல் தாளைப் பார்த்தார். இரண்டாம் தாளைப் பார்த்தார். திரும்ப முதல் தாளுக்கு வந்தார். பிறகு ஒரு பெரிய ரிஜிஸ்டரை இழுத்துப் பேனாவைத் திறந்தார். அவர் கன்னடத்தில்தான் பேசினார். எனக்கு இத்தனை வருஷத்தில் அதுவும் வீட்டுப் பாஷை மாதிரி ஆகிவிட்டது.

"சேதம் ஆனதாக எழுதவேண்டும். யார் பேரில் எழுதட்டும்?"

"என் கார்டில் எடுத்தது சார். என் பேரில் எழுதுங்கள்" என்றாள் மேடம்.

"இல்ல சார், எங்க வீட்டுல ஆனது. என் பேர்ல எழுதுங்க" என்றாள் இவள்.

"உன் பேரில் எழுதினால் நோ-டியூ கிடையாது. உள்ளே ஜூரி உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அப்படியே வீட்டுக்குப் போகலாம்."

"போறேன் சார்."

"வேண்டாம் சார்" என்றாள் மேடம்.

பேனா முனை ரிஜிஸ்டர்மேல் நின்றுகொண்டிருந்தது. அது கீழே இறங்கினால் இருவரில் ஒருத்திக்குப் போச்சு.  நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே சொல்லிவிட்டேன்:

"சுழி போட்டது நானுங்க. அவங்க ரெண்டு பேரும் அப்ப அங்க இல்லை. எம் பேர்ல எழுதுங்க."

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இங்கே கார்டு இல்லையே, தாயி."

"அப்ப ஒண்ணு போட்டுக் குடுங்க. அதுல எழுதிக்கலாம்."

வெளியே மேஜையில் இருந்த யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இது தமாஷ் இல்லை" என்றார். "நாங்களும் பூஜை செய்கிறோம். புத்தகத்துக்கும் செய்கிறோம். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பொட்டை அந்தத் தாளில் இடுவோம். பூஜை முடிந்ததும் தாளை எடுத்துவிடுவோம்."

இவ்வளவுதானா? ஒரு வெள்ளைத் தாள். இத்தனை வயசுக்கு இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவும் இல்லை.

அவர் எழுதாமல் பேனாவை மூடினார். "அவள் போய் ஜூரி முன்னால் உட்காரட்டும். இதை நான் மேலே கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நோ-டியூ உண்டா இல்லையா என்று அப்புறம் தெரியும்." புத்தகத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டுச் சத்தம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

இவள் உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவளும் சாப்பிட்டிருக்கமாட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. 

இவள் வெளியே வந்ததும் ஓடினேன். "என்ன கேட்டாங்க அம்மிணி?"

"பள்ளிக்கூடம் இருந்த எடத்துல இப்ப என்ன இருக்குதுன்னு கேட்டாங்க. ரேஷன் கடைன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"வெளிய பட்டுப் பொடவையோட உக்காந்திருக்கறது யாரு, சாட்சியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"குத்தவாளின்னு சொன்னேன்."

அப்போதும் அவளுக்கு வாய் குறையவில்லை. ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேர்கிறவரை என் முந்தானை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பிறகு காத்திருந்தோம். அவள் போன் அடித்தால் எனக்கு அடுப்படியில் கை நின்றுவிடும். கம்பெனிக்காரன் கடன் வேண்டுமா என்று கேட்கிற போனாக இருக்கும். காலேஜில் மேடம் வழக்கம்போலப் பாடம் எடுக்கிறாளா என்று தினமும் கேட்பேன். எடுக்கிறாள் என்பாள். முகம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "முகத்தைப் பாக்கறதுக்கா அத்தை கிளாஸுக்குப் போறேன்?" என்பாள். ஆனால் பார்த்துக்கொண்டு வந்துதான் சொல்லுவாள்.

ஒருநாள் சாயங்காலம் வாசற்படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அத்தை" என்றாள். அந்தக் குரலை வைத்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரெண்டாவது பரிசுங்க."

"நோ-டியூ?"

"அது குடுக்காம பரிசு எப்படிங்க குடுப்பாங்க?"

"மேடம்?"

"அது ஒண்ணும் இதுல போடலைங்க." கொஞ்சம் நின்று, முகத்தைச் சுளித்தாள். "மொதப் பரிசு ஏரிக் கொசுவைப் பத்தி எழுதுனவனுக்கு. கொசுவுக்கு மொதப் பரிசு, எங்க பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது."

"கொசு எல்லாரையும் கடிக்குது கண்ணு. உங்க பள்ளிக்கூடம் என்னைய மட்டுந்தான் கடிச்சுது."

பரிசு கொடுக்கிற அன்றும் எனக்குப் பயம் விடவில்லை. பரிசு வாங்கினவர்கள் பயன்படுத்திய புத்தகங்களையெல்லாம் ஒரு நீள மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். அந்தக் காப்பிக்கொட்டைப் புத்தகமும் அங்கே இருந்தது. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் வந்து அதைக் கையில் எடுத்தாள். அட்டையைத் திறக்கப் போகிறாள் என்று பாதி எழுந்துவிட்டேன். அவள் நேராக நடுவில் பிரித்து, வரைபடத்தை விரித்துத் தன் பக்கத்தில் நின்றவருக்குக் காட்டினாள். அதற்குள் இவள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்ட மறந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து போண்டாவும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, லைப்ரேரியன் தூரத்திலிருந்து ஒரு விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார். காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். இவளும் மேடமும் கூடவே வந்தார்கள். அவர் மேஜைமேல் அதே ரிஜிஸ்டர் பிரித்துக் கிடந்தது.

"நீங்கள் அன்றைக்குச் சொன்னபடியே எழுதி, மேலே ஒப்புதல் வாங்கிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி" என்றார்.

அந்தக் கன்னட எழுத்தை இவள் எனக்குப் படித்துச் சொன்னாள். முதல் இரண்டு தாள்களில் மஞ்சள் கறை. பூஜையின்போது ஏற்பட்டது. காரணம், வாசகர் அல்லாத ஒருவர்.

"வாசகர் அல்லாதவருன்னா? படிக்கத் தெரியாதவன்னு எழுதியிருக்கறாரா?"

"அய்யோ, இல்லீங்கத்தை. இங்க கார்டு இல்லாதவங்கன்னு அர்த்தம்."

"அதைச் சொல்லு." பேனாவை வாங்கிக்கொண்டேன். "மேடம் பேரு இதுல எங்கயாச்சும் வருதுங்களா?"

"வரவில்லை தாயி."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் கை தானாக வரிக்குமேலே போனது. இடம் பார்த்து வளைக்கப் போனபோது இவள், "அத்தை!" என்றாள். அவர் உள்ளங்கையை விரித்து ரிஜிஸ்டரின் தலைமேல் வைத்துவிட்டார்.  சுழி இல்லாமல் என் பேரை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவர் கையை எடுக்கிற மாதிரியும் இல்லை.

"ஒரு வெள்ளைத் தாள் குடுங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சின்னத் துண்டு ஒன்றைக் கிழித்து, என் பேர் வரவேண்டிய இடத்துக்கு மேலாக வைத்து, இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் அந்தத் துண்டில் சுழி போட்டேன். அதற்குக் கீழே ரிஜிஸ்டரில் என் பேரைத் தமிழில் எழுதினேன். நேரம் ஆயிற்று. அவர் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். கீழே என் பேர் தனியாக, மொட்டையாக நின்றது.

பஸ்ஸில் அந்தத் துண்டைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் என்னங்கத்தை பயம்?"

"சுழி ஒரு எடத்துல, பேரு ஒரு எடத்துல இருந்தா செல்லுமா அம்மிணி?"

அவள் யோசித்தாள். "மேடத்துக்கு வேலை எழுதிக் குடுத்துட்டாங்கன்னா செல்லுச்சுன்னு வெச்சுக்கலாமுங்க."

மேடத்துக்கு வேலை வந்தது. ஆனால் அது வருகிறவரை அந்தத் துண்டைத் தூக்கிப்போடவும் பயம், கண்ட இடத்தில் வைக்கவும் பயம். அப்போது உப்பு ஜாடிக்கு அடியில் வைத்ததுதான், இன்னும் அங்கேயே இருக்கிறது.